டிரையர் பக்கத்தில் வைத்த பேக்கப்

தேவர்சோலை,
ஆடி மாதம், மழை விடாத நாள்.

அன்பு மகள் இந்துமதிக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம், மழை எங்களைவிடச் சுகம். டெல்லியில் நீ வேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருப்பாய் என்று நான் நம்புகிறேன், அம்மா நம்பவில்லை. தினமும் போனில் பேசுகிறவனுக்குக் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். நேற்றுக் காலை "கையேட்டில் அந்த வரியை அச்சுக்குக் கொடுக்காதே" என்று மட்டும் மெசேஜ் போட்டேன். நீ "ஏன்ப்பா" என்று கேட்டாய். அதற்குப் பதில் சொல்லத்தான் இரண்டு தடவை கூப்பிட்டேன், இரண்டு தடவையும் நம் கம்ப்யூட்டர் கடைக்குப் பின்னால் யானை வந்து வாழையை முறித்த கதையைச் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். நீ சிரித்தால் எனக்குக் கோபம் வரும், கோபம் வந்தால் கட் பண்ணிவிடுவேன், விஷயம் பாதியில் நிற்கும். அதனால்தான் கடிதம். கூட வரும் பார்சலில் தேயிலைப் பொட்டலத்துக்கு அடியில் வளைந்துபோன கருப்புச் சாமான் ஒன்று இருக்கும். கருகின தோசை என்று தூக்கிப் போட்டுவிடாதே கண்ணு, அது ஆறுக்குட்டியின் தேயிலை ஃபேக்டரிக் கணக்கை நகலெடுத்து வைத்த பேக்கப் டிஸ்க்.

நீ அந்த வேலையில் சேர்ந்த புதிதில், ஊர் ஊராகச் சின்னக் கடைக்காரர்களைச் சேர்த்து நாடு முழுக்க ஒரே வலைபோல ஆக்கப்போகிறோம், ஒருவன் கம்ப்யூட்டரில் திருடன் புகுந்தால் இன்னொரு ஊர்க்காரன் கைகொடுப்பான் என்று சொன்னாய். அந்த வாட்ஸாப் குரூப்பில் என்னையும் சேர்த்தாய். நான் அன்றைக்கே அதன் சத்தத்தை அணைத்துவிட்டேன். நாற்பத்தைந்து வயது ஆளுக்கு, அதிலும் டிப்ளமோ படித்து ஊரிலிருக்கும் கம்ப்யூட்டர் பாதியைக் கழற்றி மாட்டினவனுக்கு, யாரோ ஒருவர் வந்து பாஸ்வேர்டு பாடம் எடுப்பதா என்ற கொழுப்பு. ஆனால் கூடலூர்ப் பக்கம் சங்கம் ஆரம்பிக்கச் சொன்னதை மட்டும் பிடித்துக்கொண்டேன், அதில் மைக் உண்டே. பேக்கரி, மெடிக்கல், ஹோம்ஸ்டே, தேயிலை ஃபேக்டரி என்று எல்லாரையும் உட்காரவைத்து மிரட்டினேன். எடுத்த பேக்கப்பை மாதம் ஒருமுறை திறந்து பார்க்காதவன் பேக்கப்பே எடுக்காதவன் என்று கத்தினேன். ஆறுக்குட்டி கடைசி பெஞ்சிலிருந்து, "ஏனுங்க மாஸ்டரு, இலை விக்கிற வெலைக்கு எங்ககிட்ட திருட என்னங்க இருக்குது? திருடன் வந்தா நாங்கதான் அவன்கிட்ட கடன் கேக்கோணும்" என்றார். கூட்டமே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. நான் எப்போது சிரித்தேன்?

அவர் சொன்னதும் பொய்யில்லை. பச்சை இலை விலை இந்த வருஷம் விழுந்த வீழ்ச்சியில், பறிக்கிற கூலிக்குக்கூடக் கட்டாது என்று ஓவேலிப் பக்கம் பாதித் தோட்டத்தைப் பறிக்காமலே விட்டுவிட்டார்கள். கொஞ்சநஞ்சம் தாக்குப்பிடிக்கிற ஃபேக்டரிகளில் ஆறுக்குட்டியுடையதும் ஒன்று. அரை ஏக்கர், ஒரு ஏக்கர்காரர்கள் கொண்டுவரும் இலையை நிறுத்து வாங்கி, மாசக் கடைசியில் கணக்குப் பார்த்துப் பணம் தருவார். அந்த எடைக் கணக்கை நான்தான் கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடுத்தேன். முன்பெல்லாம் எடை போட்டதும் கையில் ஒரு துண்டுச்சீட்டு தருவார்கள், மழையில் நனைந்து கூழாகும் சீட்டு எதற்கு என்று அதையும் நிறுத்தச் சொன்னது நான்தான். இதை ஞாபகம் வைத்துக்கொள், பின்னால் வரும்.

பேக்கப் டிஸ்க்கைக் கம்ப்யூட்டரில் மாட்டியே வைக்கக் கூடாது, தனியாக வைக்க வேண்டும் என்பது பாடம். எங்கே வைப்பது? ஆபீஸ் சுவரில் தண்ணீர் கசிகிறது, பீரோவைத் திறந்தால் பூஞ்சை வாசம். உனக்குத் தெரியாததா, உன் ஸ்கூல் பையில் காளான் முளைத்த ஊர் இது. ஃபேக்டரியில் ஈரமில்லாத இடம் ஒன்றே ஒன்று, தேயிலை காயவைக்கும் டிரையர் அடுப்புக்குப் பின்னால் இருக்கும் தட்டு. வேலைக்காரர்கள் ஸ்வெட்டர், சாக்ஸ், தீப்பெட்டி, உப்புப் பொட்டலம் எல்லாம் அங்கேதான் வைப்பார்கள். நானும் ஒரு பிஸ்கட் டப்பாவில் டிஸ்க்கைப் போட்டு அங்கே வைத்தேன். அப்போது இலை வரத்து குறைவு, அடுப்பு பகலில் கொஞ்ச நேரம்தான் எரியும், தட்டு இளஞ்சூடாக இருந்தது. என்ன மூளை என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். பிறகு மழை பிடித்தது, இலை குவிந்தது, விலை இன்னும் விழுந்தது, அடுப்பு ராப்பகலாக எரிந்தது. அந்த டப்பாவை நான் ஒருநாளும் போய்த் திறக்கவில்லை. ஊருக்கெல்லாம் உபதேசம் செய்பவனுக்கு அதற்கெல்லாம் நேரம் ஏது?

அப்போதுதான் அந்த மெயில் வந்தது. நல்ல விலைக்கு மொத்தமாகத் தேயிலை எடுக்கிறோம், விவரம் உள்ளே என்று. ஆறுக்குட்டி திறந்துவிட்டார். அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை, விலை விழுந்து கிடக்கிற ஊரில் நல்ல விலை என்று எழுதினால் நானே திறந்திருப்பேன். மொத்தக் கணக்கும் பூட்டிக்கொண்டது, திறக்கப் பணம் கேட்டுத் திரையில் ஒரு மிரட்டல். நான் போய் இறங்கினபோது கேட்டுக்கு வெளியே இலை கொடுத்தவர்கள் குடை பிடித்து நிற்கிறார்கள். வளைவில் வேறொரு ஏஜெண்டின் ஜீப், இன்றைக்கே ரொக்கம் என்று கூவாத குறையாக. இவர்கள் அங்கே போய்விட்டால் ஆறுக்குட்டி கதவைச் சாத்த வேண்டியதுதான். முன்னால் நின்ற பொன்னாயி, சேரம்பாடியிலிருந்து வந்து இங்கே அரை ஏக்கர் வைத்திருப்பவர், "தம்பி, மெசினு மறந்துருச்சுங்கிறீங்க. எம் பேத்தி பீஸை ஸ்கூலு மறக்குமா? முந்தி கையில துண்டுச்சீட்டாச்சும் இருந்துச்சு" என்றார். நான் விறைப்பாக, பேக்கப் இருக்கிறது, பத்து நிமிஷம் என்று சொல்லிவிட்டு, எல்லாரும் பார்க்க டப்பாவை எடுத்துவந்து திறந்தேன். பிளாஸ்டிக் உருகி அப்பளம்போல வளைந்திருந்தது. ஆறுக்குட்டி அதைக் கையில் வாங்கி, தேயிலை பார்ப்பதுபோல வெளிச்சத்தில் பிடித்து, மோந்தும் பார்த்துவிட்டு, "வறுவல் கொஞ்சம் ஏறிப்போச்சுங்க மாஸ்டரு. ஏலத்துல டஸ்ட்டுத் தூள் வெலைக்குக்கூடப் போகாது" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது, அதனால்தான் அந்தக் கேலி எனக்கு இன்னும் வலிக்கிறது.

அதன் பிறகு நடந்ததில் பாதி உனக்குத் தெரியும். உனக்குப் போன் போட்டேன். குரூப்பில் கேட்டுப் பார்க்கலாமா என்றாய். நான், என் பெயரைப் போடாதே என்றேன். நீயும் நீலகிரியில் ஒரு நண்பர் என்று போட்டாய், அப்பனை நண்பராக்கின பிள்ளை. அதைப் பார்த்து அஸ்ஸாமிலிருந்து உங்கள் குரூப்பின் அந்தப் பெண் கூப்பிட்டாள், அவளும் தேயிலை ஊர்க்காரியாம். அவளுக்குத் தமிழ் தெரியாது, எனக்கு ஹிந்தி தெரியாது, இரண்டு பேரும் உடைந்த இங்கிலீஷில் தேயிலை விலையைத் திட்டிக்கொண்டே வேலை பார்த்தோம். பூட்டின ஃபைலின் பெயரைப் பார்த்ததும், இது பழைய பூட்டு, இதற்குச் சாவி வெளியே வந்துவிட்டது, லூதியானாவில் ஒரு சைக்கிள் பார்ட்ஸ் கடைக்குப் போன மாதம்தான் திறந்தோம் என்றாள். முதலில் எல்லாவற்றையும் அப்படியே நகல் எடுக்கவைத்தாள். நகலில் ஒரு சின்ன ஃபைலைத் திறக்கவைத்து, சரியாக வந்திருக்கிறதா என்று படித்துக் காட்டச் சொன்னாள். அதில் பொன்னாயி பெயர் வந்தது. மழைச் சத்தத்தை மீறி இரண்டு தடவை படித்தேன். சாயங்காலத்துக்குள் முழுக்கணக்கும் வந்துவிட்டது. ஜீப் காலியாகவே திரும்பிப் போனது.

நடுவில் அவள், உங்கள் பேக்கப்புக்கு என்ன ஆயிற்று என்று கேட்டாள். ஈரம் என்றேன். ஒரே ஒரு வார்த்தை கண்ணு, மானம் காக்க. அவள் அதை நம்பி எழுதிவைக்க, நீங்கள் எல்லா மலை ஊர்களுக்கும் அச்சடிக்கும் கையேட்டில் "டிஸ்க்கைச் சூடான, உலர்ந்த இடத்தில் வையுங்கள்" என்று போடப்போவதாக நீயே சந்தோஷமாகப் போனில் சொன்னாய். அஸ்ஸாமிலும் அடுப்பு உண்டு, இமயமலையில் வீட்டுக்கு வீடு உண்டு. அம்மாவிடம் சொன்னேன். "ஏனுங்க, அப்பளத்தைக் காயப்போட்டாக்கூட நடுவுல போயித் திருப்பிப் பாக்கோணும். இதெல்லாம் டிப்ளமோவுல சொல்லித்தரலையாக்கும்?" என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். ஆகவே அந்த வரியை எடுத்துவிட்டு, நடந்ததை நடந்தபடி போடு. நண்பர் என்று போடாதே, மனோகரன், தேவர்சோலை என்று பெயரோடு போடு. உங்கள் கூட்டத்தில் இந்த டிஸ்க்கை எல்லார் கையிலும் கொடுத்துப் பார்க்கச் சொல். அந்த அஸ்ஸாம் பெண்ணுக்கு அது ஈரமில்லை, நான்தான் என்று முதலில் நீ சொல்லிவை, பிறகு நான் பேசுகிறேன். பார்சலில் ஒரு பொட்டலம் அவளுக்கு, ஆறுக்குட்டி கொடுத்தது. தேயிலை ஊருக்கே தேயிலை அனுப்புகிறோமே என்றேன். "நம்ம வறுவலும் எப்படின்னு பாக்கட்டுங்க" என்றார்.

இங்கே துண்டுச்சீட்டு திரும்ப வந்துவிட்டது, நனையாமலிருக்க ஒரு பாலிதீன் உறையோடு. புது டிஸ்க் பொன்னாயி வீட்டு அரிசிப் பானையில் இருக்கிறது, ஆறுக்குட்டியின் ஏற்பாடு, எனக்கு அதில் வாக்குரிமை இல்லை. மாதா மாதம் நான் போய்த் திறந்து காட்ட வேண்டும், பொன்னாயி பக்கத்தில் நின்று அவர் பெயரைப் படிக்கச் சொல்லிக் கேட்பார். குரூப்பின் சத்தத்தைத் திரும்ப வைத்துவிட்டேன், நாள் முழுக்கக் குட்மார்னிங் படமாக வந்து கொல்கிறார்கள், பொறுத்துக்கொள்கிறேன்.

குளிர்காலத்துக்கு முன் நல்ல ஸ்வெட்டர் வாங்கிக்கொள். ஹீட்டர் பக்கத்தில் எதையும் காயவைக்காதே, இதைச் சொல்ல இந்த மாவட்டத்திலேயே என்னைவிடத் தகுதியான ஆள் இல்லை. எடுத்த வேலை உனக்குக் கைகூடட்டும், உன் பெயர் என் பெயரைவிட நல்ல காரணத்துக்கு ஊர் ஊராகப் போகட்டும். இந்தக் கடிதத்துக்கும் ஒரு நகல் எடுத்து வைத்திருக்கிறேன். அம்மா அதைப் பிரித்து முழுக்கப் படித்தும் பார்த்துவிட்டாள், சரியாக இருக்கிறதாம்.

இப்படிக்கு,
உன் அப்பா
மனோகரன்