எப்போதும் இதிலேயே திற

8 ஜூன் 2004, செவ்வாய்

எங்கள் கல்விக் கந்தோரில் இருக்கும் ஒரேயொரு கம்பியூட்டருக்கு நான்தான் பொறுப்பு. தகுதிகள்: பிரதம லிகிதர் பதவி, மூன்று நாள் பயிற்சிக்குப் போய் வந்த சான்றிதழ், மூக்குக் கண்ணாடி.

இன்று ஒரு சுற்றறிக்கையைத் திறக்கப் போய், மவுஸின் வலப்பக்கத்தை அமுக்கிவிட்டேன். ஒரு பட்டியல் வந்தது. அதிலும் எதையோ அமுக்க, எந்தப் புரோகிராமில் திறப்பது என்று கேட்டது. சந்தோஷமாக இருந்தது. இந்தக் கந்தோரில் என்னிடம் யாரும் அபிப்பிராயம் கேட்பதில்லை. நோட்பாட் என்ற பெயர் பயிற்சியில் கேட்டதாக ஞாபகம்; அதைத் தெரிவு செய்தேன். கீழே ஒரு சின்னக் கட்டம். இந்த வகைக் கோப்பை எப்போதும் இதிலேயே திறப்பதா என்று. முப்பத்தொரு வருடம் அரசாங்கத்தில் இருப்பவன் நான். படிவத்தில் ஒரு கட்டம் வெறுமையாக இருந்தால் அது திரும்பி வரும் என்பது எனக்குத் தெரியாதா? சரி அடையாளம் போட்டேன்.

சுற்றறிக்கை திறந்தது. சதுரங்கள், கேள்விக்குறிகள், கொம்பு முளைத்த எழுத்துகள். மேலிடத்துச் சுற்றறிக்கைகள் வழக்கமாகவே விளங்காதவை என்பதால் முதலில் சந்தேகம் வரவில்லை.

9 ஜூன்

எல்லாக் கடிதங்களும் அப்படியே! எதைத் திறந்தாலும் சதுரம். 'வைரஸ்' என்ற சொல்லை முதலில் உச்சரித்தவன் நான். டிரெக்டர் மேசையிலிருந்து இரண்டடி தள்ளி நின்றே பார்த்தார். பழைய யன்னல் சீலையால் கம்பியூட்டரை மூடி, 'தொடக்கூடாது' என்று எழுதி ஒட்டினோம். கோப்புகள் யாவும் அழிந்துவிட்டதாக, திருத்த ஆள் அனுப்பும்படி மேலிடத்துக்குக் கடிதம் போயிற்று.

கட்டத்தைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. ஒரு சரி அடையாளத்துக்கு அவ்வளவு பலம் இருக்குமா?

14 ஜூன், திங்கள்

இராமையா வந்தார். அப்புத்தளைக்கு மேலே ஒரு தோட்டப் பாடசாலையில் ஒன்பது வருடமாகத் தொண்டர் ஆசிரியர். ஜூலை 2ஆம் திகதி நிரந்தர நியமனத்துக்கு நேர்முகப் பரீட்சை. ஒன்பது வருடமும் வேலை செய்தார் என்று நாங்கள் உறுதிக் கடிதம் கொடுக்க வேண்டும். வரவுப் புத்தகங்களைப் பார்த்து மாசியில் கம்பியூட்டரில் ஏற்றியிருந்தோம். புத்தகங்கள் போன மாத மழையில், பாடசாலைக் கூரை ஒழுகிக் கூழாகிவிட்டன.

"கம்பியூட்டரில இருந்ததும் அழிஞ்சு போச்சு" என்றேன்.

"அப்படிங்களா சார்" என்றார். கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வயது நாற்பத்துநான்கு. இந்த முறை தவறினால் அடுத்த முறைக்கு வயது விடாது. அதையும் அவர் சொல்லவில்லை, விண்ணப்பத்தில் பார்த்தேன்.

18 ஜூன்

யாழ்ப்பாணத்தில் வீட்டோடு இருக்கும் லீலாதேவிக்குப் போன் பண்ணினேன். ஆவணியில் இடமாற்றப் பட்டியல் வருகிறது. ஆறாவது விண்ணப்பம். இந்த முறை யாழ்ப்பாணம் நிச்சயம் என்கிறார்கள். கம்பியூட்டர் கதையைச் சொன்னேன்.

"உங்களை ஆரப்பா அதில கை வைக்கச் சொன்னது?"

மனைவிமாருக்கு விசாரணைக் குழு தேவையில்லை.

22 ஜூன்

திருத்துபவர் இன்னும் வரவில்லை. நினைவூட்டல் கடிதம் அனுப்பினோம். எங்கள் தட்டச்சாளர் ஜெனீரா மிக அழகாக அடித்திருந்தார்.

25 ஜூன், வெள்ளி

இராமையா மறுபடியும். வாங்கில் உட்கார்ந்தபடி ஒரு மணித்தியாலம் இருந்தார். சீலை மூடிய கம்பியூட்டரை, ஆஸ்பத்திரியில் நோயாளியைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"மெசினு நல்லாகணும்னு கோயில்ல ஒரு அர்ச்சன வச்சேங்க சார்."

"என்ன பேருக்கு?"

"கந்தோரு பேருக்குத்தாங்க."

சிரிப்பு வந்தது. பிறகு நெடுநேரம் வேலை ஓடவில்லை.

29 ஜூன், செவ்வாய்

என் ஆயுளில் இப்படி ஒரு வெட்கம் கண்டதில்லை.

பஸ் நேரத்துக்கு முந்தி வந்துவிட்டது, ஏழரைக்கே கந்தோரில். ஜெனீரா சீலையை மடித்து வைத்துவிட்டுக் கம்பியூட்டரில் கடிதம் அடித்துக்கொண்டிருக்கிறார். திரையில் நல்ல தமிழ். சதுரம் ஒன்றுகூட இல்லை.

"இது எப்ப தொடக்கம்?"

"எப்பவும்தான் சேர். விடியவே வந்து அடிச்சிட்டு மூடிருவேன். நான் வேர்டத் தொறந்து, அதுக்குள்ள போய்த்தானே பைல எடுக்கிற. எனக்கு ஒண்டும் ஆகல்லயே."

"தொடக்கூடாது எண்டு ஒட்டியிருக்குதே!"

"அது உங்களுக்கெண்டு நெனச்சேன். எனக்குக் கடிதம் அடிக்கத்தானே தந்தீங்க?"

மூன்று கிழமையாக நான் கையெழுத்து வைத்த கடிதங்கள் எல்லாம் இதில் அடித்தவை. கம்பியூட்டர் செத்துவிட்டது என்ற நினைவூட்டல் உட்பட! ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "நீங்க கேக்கல்லயே சேர். நீங்கதானே இன்சார்ஜ்."

இராமையாவின் கோப்பு? ஒரு நிமிடத்தில் திறந்து காட்டினார். ஒன்பது வருடமும் மாதம் மாதமாக, ஒரு நாள் குறையாமல்.

பிறகு எல்லாவற்றையும் பழையபடி ஆக்கினார். அதே பட்டியல், அதே கேள்வி, நோட்பாட்டுக்குப் பதில் வேர்ட். கீழே அதே கட்டம். அதிலும் சரி அடையாளம்தான் போட்டார்.

30 ஜூன்

டிரெக்டரிடம் சொன்னேன். அவருக்குச் சந்தோஷமில்லை. அழிந்தது என்று எழுதியாகிவிட்டது, அழிந்த கோப்பிலிருந்து கடிதம் போனால் கேள்வி வரும் என்றார். அழியவில்லை என்றால் ஏன் அப்படித் தெரிந்தது, யார் செய்தது என்று ஒருவர் எழுதித் தரவேண்டும். தந்தால் இராமையாவின் கடிதத்தில் கையெழுத்து வைப்பாராம்.

எழுதித் தருபவரிடம், ஏன் நடவடிக்கை எடுக்கக்கூடாது என்று மேலிடம் விளக்கம் கோரும். விளக்கம் கோரல் முடியும்வரை இடமாற்றம் கிடையாது. இதையும் அவரே ஞாபகப்படுத்தினார்.

1 ஜூலை

நாளைக்குச் சுகமில்லை என்று லீவு போட்டால் என்ன?

2 ஜூலை, வெள்ளி

போடவில்லை. ஏழரைக்கே போய் ஜெனீராவிடம் சொல்லச் சொல்ல அவர் அடித்தார். 'மேற்படி கோப்புகள் அழியவில்லை. நான் பொருத்தமற்ற புரோகிராமைத் தெரிவு செய்து, எப்போதும் என்ற கட்டத்தில் அடையாளமிட்டமையே காரணம்.'

"'தவறுதலாக'ண்டு ஒரு சொல்லு போடவா சேர்?"

போடுங்கள் என்றேன். நான் ஒன்றும் மகான் இல்லை.

டிரெக்டர் இரண்டு கடிதத்தையும் வாசித்தார். குற்றவாளி தான் இல்லை என்று உறுதியானதும் பேனை வேகமாக ஓடியது. இராமையாவின் கடிதத்தை நானே எடுத்துக்கொண்டு பரீட்சை நடக்கும் மண்டபத்துக்குப் போனேன். வரிசையில் அவருக்கு முன்னால் நாலு பேர். கடிதத்தைக் கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கினார். எப்படி வந்தது என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

23 ஆகஸ்ட்

இடமாற்றப் பட்டியல் வந்தது. என் பெயர் இல்லை. எதிர்பார்த்ததுதான். இருந்தும் இரண்டு தரம் மேலிருந்து கீழே பார்த்தேன். லீலாதேவியிடம் உண்மையைச் சொன்னேன். "அந்தாளுக்கு வேலை கிடைச்சதோ?" என்று மட்டும் கேட்டாள். தெரியாது என்றேன். "கேட்டுச் சொல்லுங்கோ."

6 செப்டெம்பர், திங்கள்

இராமையா வந்தார். புதுச் சேர்ட், கையில் நியமனக் கடிதம். கடமையேற்புப் படிவத்தை நிரப்பித் தந்தார். எல்லாக் கட்டமும் நிரம்பியிருந்தது.

போகும்போது கம்பியூட்டர் பக்கம் திரும்பினார். ஜெனீரா அடித்துக்கொண்டிருந்தார்.

"நல்லாயிருச்சுங்களா சார்?"

"நல்லாயிட்டுது."

"அது மேல எனக்குக் கோவமே இல்லீங்க. பாவம், மெசினு. வேணும்னேவா செஞ்சிருக்கும்?"

ஜெனீராவின் விரல்கள் நின்றன. என்னைப் பார்த்தார். மேலிடத்துக்கு எழுதிக் கொடுத்தவனுக்கு, இந்த மனிதரிடம் சொல்ல நா எழவில்லை.

அதனிடம் சொல்லிவிடுகிறேன் என்றேன்.