மாடியில் ஆறவைத்தவை

ஜன. 2, வெள்ளி

வாடைக் காற்று. வெயில் ஏறியும் குளிர் விடவில்லை. மாடித் தண்ணீர்த் தொட்டி மூடியில் கறுப்புத் தூள், வழக்கம்போல. ஈரத்துணி. இரண்டு முறை.

ஞாயிறு சந்தை. அடையாறில் ஒரு பள்ளி மைதானம். வர்ஷா மேசை ஒன்றை வாடகைக்கு எடுத்துவிட்டாள். எம்.ஏ.வில் இரண்டு வருடம் என் பக்கத்து இருக்கை. அவள் மாமாவின் கடை ஒன்று பெசன்ட் நகரில் காலியாகிறது.

"சண்டே நல்லா போச்சுன்னா தை பொறந்ததும் கடை. நீ செய், நான் விக்கறேன். போர்டுல ரெண்டு பேர் பேரும்."

ரெண்டு பேர் பேரும். இந்த மூன்று சொற்களுக்காகக் கார்த்திகையில் வேலையை விட்டேன். முகம் தெரியாதவர்களுக்குத் தொலைபேசியில் காப்பீடு விற்கும் வேலை. போனதில் வருத்தமில்லை. திரும்பப் போக முடியாது என்பதில் மட்டும் கொஞ்சம்.

வேண்டியவை: மைதா. உப்பில்லாத வெண்ணெய். முட்டை. கொய்யா, சிவப்புச் சதை, நன்றாகப் பழுத்தது. நாட்டுச் சர்க்கரை. மஃபின் காகிதக் கிண்ணம். சுறா (அம்மா).

அம்மா காசிமேட்டில் மீன் விற்கிறாள். சுறா புட்டை மாவுக்குள் வைத்து மூடி, ஓவனில் சுட்டு, 'பை' செய்கிறேன் என்பதை அவள் இன்னும் மன்னிக்கவில்லை.

"புள்ள பெத்தவளுக்குத் துன்னக் குடுக்குற அயிட்டம்டி அது. அத்த போயி மைதா மாவுல பொதைக்கிற. காலேஜுல இதான் சொல்லிக் குடுத்தாங்களா?"

மாலை அண்ணி கொய்யாவை மசித்து விதை வடிகட்டித் தந்தாள். ஆவணியில் கல்யாணமாகி வந்தவள். மன்னார்குடிப் பக்கம். வந்த புதிதில் நினைத்து நினைத்துச் சமையலறைக்கு ஓடுவாள். சிலிண்டர் ரெகுலேட்டரைத் திருகிப் பார்ப்பாள். "கேஸ் கசியுதுங்க."

அண்ணன் சிரிப்பான். "அது நம்ம வூட்டு கேஸ் இல்லம்மா. ஊரு கேஸு."

வடக்கே தொழிற்சாலைகள் எதையோ திறந்துவிடும் வேளைகளில் அவள் முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு படுப்பாள். எங்களுக்கு ஒன்றும் தெரியாது. அவள் ஓடும்போதுதான், ஓ, இன்று வருகிறது போல, என்று தெரிந்துகொள்வோம். இந்த வீட்டில் மூக்கு என்று ஒன்று அவளுக்குத்தான்.

ஜன. 3, சனி

காலையிலிருந்து அடுப்படி. வெண்ணெய் கல் மாதிரி குளிர்ந்திருக்க வேண்டும். விரல் நுனியால் மட்டும் மாவில் உதிர்க்க வேண்டும். உள்ளங்கை பட்டால் போச்சு. இது ஒன்றில்தான் எனக்குப் பொறுமை இருக்கிறது. மனிதர்களிடம் இல்லை.

சுறாவை வேகவைத்து, தோல் உரித்து, உதிர்த்து. சின்ன வெங்காயம், பூண்டு, பச்சை மிளகாய், மிளகு. தண்ணீர் சுண்டும்வரை. மேல்மாவில் மூன்று கீறல், முட்டைப் பூச்சு.

பதினொரு மணிக்குக் கரண்ட் போனது. ஓவனுக்குள் பாதி வெந்த பைகள். பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். வந்தது. பிழைத்தன.

என்னுடைய ஒரே கண்டுபிடிப்பு: ஆறவைப்பது. வீட்டுக்குள் ஆறினால் ஆவி கீழே இறங்கி அடிப்பாகம் நமுத்துப்போகும். மாடியில், வடக்குக் கைப்பிடிச் சுவர் ஓரம், கம்பித் தட்டில் பரப்பி, மேலே கொசுவலை இரண்டு மடிப்பு. தூசிக்கு வலை, ஈரத்துக்குக் காற்று. மேலோடு கண்ணாடி மாதிரி உடையும். வர்ஷாவே கேட்டிருக்கிறாள். "இந்த மொறுமொறுப்பு எங்கேர்ந்துடி வருது?" சொல்லவில்லை. தொழில் ரகசியம் என்று ஒன்று எனக்கும் இருக்கட்டுமே.

பக்கத்து மாடியில் துணி உலர்த்த வந்த தனம் அக்கா எட்டிப் பார்த்தாள்.

"இன்னா பாப்பா, பொணத்துக்குப் போத்துன மாறி வல போட்டுகினு கீற?"

"ஆற வெச்சிகிறேன்க்கா."

"ஃபேனு போட்டா ஆறாதா?"

"கடக்காத்துல ஆறுனாதான் மொறுமொறுன்னு இருக்கும்."

"அப்பிடியா? நாங்க பொறந்ததுலேர்ந்து கடக்காத்துலதான் கீறோம். எங்க மூஞ்சி மட்டும் ஏன்டி நமுத்துப் போயி கீது?"

சிரித்தேன். இரண்டு பேரும் சிரித்தோம். இப்போது எழுதும்போது சிரிப்பு வரவில்லை.

மஃபின் நன்றாக வந்திருக்கிறது. மேலே லேசான வெடிப்பு. இளஞ்சிவப்பு. மாலைவரை மாடியிலேயே விட்டேன்.

ஜன. 4, ஞாயிறு

மீன் ஏற்றாத ஆட்டோவாகப் பார்த்துப் பிடித்துத் தந்தான் அண்ணன். சீட்டைக்கூட மோந்து பார்த்தேன். மீன் வாடை வந்துவிடக் கூடாதே என்ற ஒரே கவலை.

பள்ளி மைதானம். வேப்பமரங்கள். மெழுகுவத்தி விற்பவர்கள், சிறுதானியம் விற்பவர்கள், எல்லோரும் மெதுவாகப் பேசுபவர்கள். மேசையில் வர்ஷா எழுதி வைத்திருந்த அட்டை: கடற்கரை வீட்டு அடுப்பிலிருந்து.

பருத்திப் புடவை கட்டிய ஓர் அம்மாள் சுறா பை ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு கேட்டாள். "எந்த பீச்? நீலாங்கரையா?"

வர்ஷா, "நார்த் சைடு ஆன்ட்டி."

நான், "திருவொற்றியூர்."

ஏன் சொன்னேன். சொல்லாமல் ஏன் இருக்க வேண்டும். அந்த அம்மாள், "ஓ," என்றாள். கடித்தாள். மென்றாள். மெல்வது மெதுவானது. கணவரிடம் நீட்டினாள். "ஏதோ பெயின்ட் மாதிரி இல்ல?"

அவர் முகர்ந்தார். "பெயின்ட் இல்ல. கெரசின்."

அதன் பிறகு எல்லோருக்கும் மூக்கு முளைத்துவிட்டது. ஒருவர் ஆஸ்பத்திரி என்றார். ஒரு சின்னப் பெண் மஃபினைத் துப்பிவிட்டுத் தெளிவாகச் சொன்னாள். "அம்மா, இது ஃபினாயில் மஃபின்." பக்கத்து மேசைக்காரர்கள் சிரித்தார்கள். குழந்தை சொன்னதற்குச் சிரிப்பது குற்றமில்லையே.

வர்ஷா ஒன்றைப் பிட்டு மூக்கருகே வைத்தாள். என்னிடம் நீட்டினாள்.

"கலை. மோந்து பாரேன்."

வெண்ணெய். மிளகு. சுறா. மறுபடியும். வெண்ணெய். மிளகு. சுறா.

"ஒண்ணுமே இல்லையேடி."

என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை. பார்வையற்றவளிடம் தெரியாமல் நிறம் கேட்டுவிட்டவள் முகம்.

பன்னிரண்டு மணிக்கு அட்டையை மடித்துத் தன் தோள்பைக்குள் போட்டாள். பெட்டிகள் வந்தபடியே ஆட்டோவில். ஓட்டுநர் கேட்டார். "இன்னாமா, எடுத்துனு போனதெல்லாம் அப்டியே ரிட்டனா?" ஒன்றைக் கொடுத்தேன். ஒரு கையால் வண்டி ஓட்டிக்கொண்டே தின்று முடித்தார். "சோக்காகீது" என்றார். எண்ணூர்க்காரர்.

ஜன. 5, திங்கள்

பெட்டிகளைத் தெருவுக்குத் திறந்துவிட்டேன். தனம் அக்கா வீட்டில் மூன்று தலைமுறையும் தின்றது. "பிரியாணிக்கு அப்பறம் இதான்டி" என்று சான்றிதழ். அம்மாகூட ஒரு பையை முழுதாகத் தின்றுவிட்டு, "சுறா நல்ல சுறா" என்றாள். பாராட்டு சுறாவுக்கு.

இவர்கள் சாட்சி ஆக மாட்டார்கள். இவர்கள் மூக்கும் என் மூக்கும் ஒன்று.

அண்ணி.

மதியம் அவளை மாடிக்கு அழைத்துப்போனேன். ஒரு பை, ஒரு மஃபின். சந்தையில் நடந்ததைச் சொல்லவில்லை. சொன்னால் எனக்காகப் பொய் சொல்வாள்.

முதலில் மோந்து பாருங்க அண்ணி, என்றேன். முகர்ந்தாள்.

"கொய்யாப்பழ வாசம் நல்லா தூக்கலா இருக்கு."

"வேற?"

"வேற என்ன?"

"பெயின்ட், கெரசின், ஃபினாயில், அந்த மாதிரி ஏதாச்சும்?"

"சீ, சாப்பிடற பொருள்ல ஏன் கலை அதெல்லாம் வருது? ஒண்ணுமில்ல." தின்றாள். நிதானமாக, விரலை நக்கி.

கண்ணில் நீர் வந்துவிட்டது. அடுப்புத் துணியாலேயே துடைத்தேன். இந்த வீட்டின் ஒரே நல்ல மூக்கு சொல்லிவிட்டது. வாசனை பையில் இல்லை. திருவொற்றியூர் என்ற சொல்லில் இருந்தது. நான் அதை வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் அவர்களுக்கு வந்தது.

வரிசையை மறுபடி மறுபடி ஓட்டிப் பார்க்கிறேன். "எந்த பீச்?" பதில். "ஓ." பிறகு கெரசின். வரிசை சரியாகத்தான் இருக்கிறது.

ஜன. 6, செவ்வாய்

வர்ஷா போனில் பேசினாள். பேசப்போவதை எழுதி வைத்துப் படிப்பவள்போல.

"கலை, தப்பா எடுத்துக்காத. உன் கை மேல எனக்கு டவுட்டே இல்ல. நீ எங்க வீட்டு கிச்சன்ல வந்து பண்ணு. தினம் வா. இல்லேன்னா இங்க பக்கத்துல ஒரு ஹாஸ்டல் பார்க்கலாம். அங்க வேண்டாம், அவ்ளோதான். போர்டுல ரெண்டு பேரும் அப்டியே இருக்கும்."

நல்லவிதமாகத்தான் கேட்டாள். அதுதான் தாங்கவில்லை.

"அங்கன்னா? அங்க என்ன?"

"வாசனை வந்துதுடி. நானே மோந்து பார்த்தேன். நான் எதுக்குப் பொய் சொல்லப் போறேன்?"

"எங்க வீட்ல மன்னார்குடிலேர்ந்து வந்த ஒரு மனுஷி இருக்காங்க. கேஸ் கசிஞ்சா ஊருக்கு முன்னாடி எழுந்து ஓடறவங்க. அவங்களுக்கு ஒரு வாசனையும் வரல."

"கலை..."

"உங்களுக்கெல்லாம் எங்க ஏரியா பேரு காதுல விழுந்தாத்தான் மூக்கு வேலை செய்யுது."

அவள் பக்கம் ஒரு குயில். ஜனவரியில் என்ன குயில். பிறகு, "சரி. நான் பார்த்துக்கறேன்," என்றாள்.

போனை வைத்தேன். நல்ல வாக்கியம். எழுதி வைத்திருந்து பேசியவளை, எழுதாமல் பேசியே வீழ்த்திவிட்டேன். நாள் முழுக்க அந்த வாக்கியத்தை வாய்க்குள் உருட்டிக்கொண்டிருந்தேன். மிட்டாய்போல.

அம்மா: "இன்னாடி தனியா சிரிச்சினு கீற? அந்தப் பொண்ணு கடைய தொறக்குதா இல்லியா?"

"தொறக்கறா."

"நீ?"

சுறா வெட்டிய பலகையைத் தேய்க்கப் போனேன்.

ஜன. 9, வெள்ளி

மூடாக்கு. துணி காயவில்லை.

வர்ஷாவின் ஸ்டேட்டஸில் கடை போர்டு. வெள்ளைப் பலகை, பச்சை எழுத்து. ஒரு பெயர்.

கீழே, மூன்று நாள் கழித்து முதல் செய்தி: "சுறா பைக்கு அளவு மட்டும் அனுப்புவியா? உன் பேர் போட்டே விக்கறேன்."

அளவு அனுப்பினேன். மைதா, வெண்ணெய், உப்பு, எல்லாம் சரியாக. ஆறவைப்பதைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. உன் பை நமுத்துப் போகட்டும்.

என்ன கேவலமான பழி. இருந்தும் நிம்மதி.

ஜன. 11, ஞாயிறு

ஒன்றும் செய்யவில்லை. காப்பீட்டு ஆபீஸ் சூப்பர்வைசருக்குப் பொங்கல் வாழ்த்து அனுப்பினேன். கட்டைவிரல் ஒன்று திரும்ப வந்தது.

ஜன. 13, செவ்வாய்

வாடை திரும்பவும். நாளை போகி, டயர் கொளுத்தாதீர்கள் என்று ஆட்டோவில் ஒலிபெருக்கி. ஒரு காலைப் புகைக்கு நகரம் முழுவதற்கும் மூச்சு முட்டும்.

அண்ணிக்குத் தலைப்பொங்கல். அவள் அம்மா சீர் கொண்டு வருகிறார். கல்யாணத்துக்குப் பிறகு இங்கே வருவது இதுதான் முதல் தடவை. விடியலில் எழுந்து கொய்யா மஃபின் செய்தேன். சந்தைக்குப் பிறகு ஓவனைத் தொட்டது இன்றுதான். மாடியில், வலைக்குள், வழக்கம்போல. மேலோடு கண்ணாடி.

பத்து மணிக்கு ஆட்டோ. கரும்புக் கட்டு, மஞ்சள் கொத்து வேரில் மண்ணோடு, பச்சரிசி, வெல்லம். அந்த அம்மாள் இறங்கும்போதே முந்தானை மூக்கில். வெயிலுக்கு என்று நினைத்தேன்.

வாசலில் செருப்பை உதறினார். கரும்பைக் கீழே போட்டார். நேராகச் சமையலறை.

"என்ன ஆயி இது, கேஸத் தெறந்து போட்டுட்டு எல்லாரும் உக்காந்திருக்கிய! சன்னலத் தெற, சன்னலத் தெற!"

குனிந்து ரெகுலேட்டரைத் திருகிக்கொண்டிருந்தார்.

அண்ணி சிரித்தாள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அது நம்ம வூட்டு கேஸ் இல்லம்மா. ஊரு கேஸு." அண்ணனின் குரலே.

"கசிஞ்சிகிட்டு கெடக்குதுடி. ஒனக்குத் தெரியல?"

"இன்னிக்கா? இன்னிக்கு ஒண்ணும் வரலியேம்மா."

என் அம்மா கரும்பை எடுத்து மூலையில் சாத்தினாள். நான் தட்டை நீட்டிக்கொண்டு நின்றிருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை.

"கலை செஞ்சதும்மா. சாப்பிட்டுப் பாரு. பட்டணத்துப் பலகாரம்," என்றாள் அண்ணி.

அந்த அம்மாள் ஒன்றை எடுத்தார். வாய்வரை கொண்டுபோனார். அங்கே நின்றது கை. என் முகத்தைப் பார்த்தார். நல்ல மனுஷி.

"காலையில ரயிலடியில இட்டிலி தின்னது இன்னும் நெஞ்சுலயே நிக்குது ஆயி. அப்பறமா திங்கிறேன்." காகிதத்தோடு முந்தானையில் வைத்து முடிந்துகொண்டார்.

அண்ணி இரண்டாவதைப் பிரித்துவிட்டாள்.