பொலிஸைக் கண்காணிக்கும் குழுவுக்கு ஒரு போசகர்

ஐப்பசி 6, திங்கள்

காலையிலிருந்து தூறல். துணி காயவில்லை. மாலை சனசமூக நிலையத்தில் கூட்டம்: பொலிஸாரைக் கண்காணிக்கும் பொதுமக்கள் குழு தொடக்கம். நகரத்தில் இப்படி ஒன்று இல்லாத குறை எல்லோருக்கும் இருந்தது, பொலிஸாரைத் தவிர.

தலைவர், ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர் தியாகராசா. பொருளாளர், கடைக்காரர் குகன். செயலாளர் நான், வேண்டாம் என்பதற்குள் கைதட்டிவிட்டார்கள். குழுவின் விதிகளைச் சொல்லும் யாப்பு, ஏதோ விளையாட்டுக் கழகத்தினுடையதைப் பார்த்தெழுதியது. பிறகு போசகர், அதாவது புரவலர். பெரிய மனிதர் ஒருவரைப் போசகராக வைக்காமல் இந்த ஊரில் எந்தச் சங்கமும் தொடங்கியதில்லை.

குகன் எழுந்தார். "எங்கடை பொலிஸ் பொறுப்பதிகாரியையே போடுவம். நல்ல மனுசன்."

"நாங்கள் பாக்க வேண்டியதே அவரைத்தானே," என்றேன்.

"அதுதான் ரீச்சர், பக்கத்திலை இருந்தா வடிவாப் பாக்கலாம்."

ஏகமனதாக நிறைவேறியது. எதிர்ப்பு: ஒன்று. இரண்டையும் அப்படியே பதிந்தேன்.

8, புதன்

வெயில். வாங்க வேண்டியவை: முருங்கையிலை, தேங்காய், பேனை.

கொழும்புத்துறையிலிருந்து றீற்றா வந்தாள். கணவன் அன்ரன் கடலட்டை பிடிக்க மூழ்குகிறவன். போன மாதம் சந்தியில் மோட்டார் சைக்கிளை மறித்த பொலிஸ்காரர் அறைந்ததில் வலக் காதுச் சவ்வு கிழிந்துவிட்டது. இனி மூழ்கக் கூடாது என்கிறார் டொக்டர். பொலிஸ் நிலையத்தில் முறைப்பாட்டை எடுக்கவில்லை.

"தானா விழுந்தவர் எண்டு எழுதி வைச்சுக்கொண்டு, கையெழுத்து வைக்கட்டாம் ரீச்சர்."

"வைச்சனியோ?"

"நான் என்ன விசரியே?"

அவளைப் பிடித்துப்போயிற்று.

9, வியாழன்

தலைவர் ஃபோனில். றீற்றாவின் விஷயத்தை விசாரிக்கலாமாம், ஆனால் பொலிஸ் நிலையத்தில். பொறுப்பதிகாரி (இனி பொ.அ.) மண்டபம் தருகிறார். ரோல்ஸும் தேத்தண்ணியும் அவர் செலவு.

"போசகரை விட்டிட்டு வைச்சா மரியாதையில்லை, ரீச்சர்."

"அடிபட்டவையை அடிச்சவையின்ரை இடத்துக்குக் கூப்பிடுறது மரியாதையோ, சேர்?"

"நீங்கள் எல்லாத்தையும் நேராக் கேட்டுப் போடுறியள்."

யாப்பைப் பார்த்தேன். இடம் குறித்து அழைப்பு அனுப்புவது செயலாளர். அனுப்பியாயிற்று. இடம்: சனசமூக நிலையம். நிகழ்ச்சி நிரல்: தலைவர் உரை, போசகர் உரை. போசகர் உரைக்குத் தலைப்புக் கொடுக்கும் வழக்கம் இங்கே இல்லை. கொடுத்தேன்: "அன்ரனின் வலக் காது".

10, வெள்ளி

புழுக்கம். குகன் சீனி நிறுத்துக்கொண்டே: "என்ரை கடை றோட்டுக்கரை, ரீச்சர். எனக்கு அவையின்ரை தயவு வேணும்."

"எனக்கும் பயம்தான்." பொய்யில்லை.

மத்தியானம் பொலிஸ் மோட்டார் சைக்கிள் ஒன்று என் வீட்டுப் படலையடியில் வந்து நின்றது. இறங்கவில்லை. பார்த்துவிட்டுப் போயிற்று. தேத்தண்ணி கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன். நிகழ்ச்சி நிரலை மாற்றியிருக்க மாட்டேன்.

12, ஞாயிறு

மழை. ஆனாலும் கதிரைகள் போதவில்லை. றீற்றாவும் அன்ரனும் முன்வரிசையில். பொ.அ. சீருடையில் வந்தார். தலைவர் பொன்னாடை போர்த்தினார். தடுக்க முடியவில்லை. பழகிய கை.

போசகர் உரையை அறிவித்தேன், தலைப்போடு. பொ.அ. பொன்னாடையைச் சரிசெய்துகொண்டு, பொலிஸாரும் பொதுமக்களும் ஒரே குடும்பம் என்று தொடங்கினார்.

"காதைப் பற்றி, சேர்," என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. நிகழ்ச்சி நிரலைத் தூக்கிக் காட்டினேன். கடைசி வரிசையிலிருந்து குகன்: "ஓம் சேர். காதெண்டுதான் போட்டிருக்கு."

இன்னும் இரண்டு மூன்று "ஓம்". தலைவர்கூட, மெதுவாக.

பொ.அ. குடும்பத்தை அங்கேயே விட்டார். அன்ரனின் வலப்பக்கமாக வந்து குனிந்து, தாழ்ந்த குரலில்: "நாளைக்குக் காலமை முறைப்பாட்டை எடுப்பம். அடிச்சவரின்ரை பெயரோடை."

றீற்றா எழுந்தாள். "ஐயா, அதை மற்றப் பக்கம் வந்து சொல்லுங்கோ. இவருக்கு இந்தக் காது கேக்காது."

சபை பார்த்துக்கொண்டிருந்தது. பொ.அ. பொன்னாடையோடு கதிரைகளைச் சுற்றி நடந்து, அன்ரனின் இடப்பக்கம் போய் நின்று, திரும்பச் சொன்னார்.

"இன்னும் கொஞ்சம் பலமா," என்றான் அன்ரன்.