பொன்னாடைக்கு இரண்டு மணி நேரம்

மேசைமேல் கிடக்கும் அழைப்பிதழிலிருந்து சந்தன செண்ட்டு வாசனை வந்துகொண்டே இருக்கிறது. நேற்று மாலை நேரில் வந்து கொடுத்துவிட்டுப் போனார்கள். ஜன்னலைத் திறந்து வைத்தும் போகவில்லை. பக்கத்தில் வைத்திருந்த தயிர்சாத டப்பாவில்கூட ஏறிவிட்டது. ஒருமுறை சென்னையில் இப்படி ஓர் அட்டையை மூக்கருகே கொண்டுபோய் முகம் சுளித்துவிட்டு நீ கேட்டாய்: "செண்ட்டு அடிச்சா சுருதி சேந்துடுமாடி?"

முப்பெரும் விழாவாம். இசை, இலக்கியம், நாட்டியம் என்று திருப்பதியில் மூன்று நாள். இரண்டாம் நாள் அரங்குக்கு உன் பெயர் வைத்திருக்கிறார்கள். பெயருக்கு மேலே உன் படம். ஆஸ்பத்திரி அடையாள அட்டை கழுத்தில் தொங்குகிற படம் எங்கே கிடைத்ததோ, அட்டையை மறைக்க ஒரு ரோஜாப்பூவை ஒட்டியிருக்கிறார்கள். பூ உன் தாடையில் பாதியை விழுங்கிவிட்டது. கீழே, 'கலை உள்ளம் கொண்ட நல்லுள்ளம்'. ஓர் உள்ளம் உனக்குப் போதாது என்று நினைத்துவிட்டார்கள் போலிருக்கிறது.

இதைச் செய்தது, திருப்பதியில் ஆண்டுதோறும் விழா நடத்துகிற அந்த மன்றம்தான். வேறு யாருக்கு இவ்வளவு துணிச்சல் வரும்? நீ உயிரோடு இருந்தவரை, அவர்கள் விழாவுக்குள் நீ நுழைந்தால் செயலாளர் மேடைக்குப் பின்னால் போய்விடுவார். இப்போது உன் பெயரையே வாசலில் கட்டித் தொங்கவிடுகிறார்கள். இனி நீ பாதியில் எழுந்து போகமாட்டாய் என்ற தைரியம்.

நாம் முதன்முதலில் பார்த்துக்கொண்டதே அப்படி எழுந்து போகும்போதுதான். சென்னையில் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் கச்சேரி. பாடகி தம்புராவோடு உட்கார்ந்து காத்திருக்க, சிறப்பு விருந்தினர் தன் தாத்தா எப்படி இசையை ரசித்தார் என்று முக்கால் மணி நேரமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் தலையைக் குனிந்துகொண்டு நழுவி வெளியே வந்தேன். நீ எனக்கு முன்பே வந்து, சமோசா தின்றுகொண்டு, வாசல் தொண்டரிடம் கறாராகப் பேசிக்கொண்டிருந்தாய்.

"அண்ணா, அந்தாளு முடிச்சதும் ஒரு கொரல் குடுங்க. பாட்டு கேக்க வந்தோம். அவரு பாட்டன் கதைய கேக்க வரல."

பிறகு என்னைப் பார்த்து, "நீ எந்த ஊரு?" என்றாய்.

"புத்தூர். அங்கேயே பேங்க்ல வேலை."

"நான் நகரி. திருப்பதியில ஆஸ்பத்திரி லேப்ல வேல. அப்போ ரெண்டு பேருக்கும் ஒரே ரயிலு."

ரத்தம் பரிசோதிக்கிற கையால் மீதி சமோசாவைப் பிட்டு எனக்குக் கொடுத்தாய். அன்று திரும்பி வரும்போது, திருத்தணி தாண்டுவதற்குள், வாராவாரம் ஒரு பட்டியல் போடுவது என்று முடிவாகிவிட்டது. நம் பக்கத்து ஆட்களுக்குச் சென்னையில் என்ன நடக்கிறது என்று தெரிவதில்லை. தெரிந்து போகிறவர்கள் ஏமாந்து வருகிறார்கள். "எங்க இன்னா நடக்குதுன்னு எழுதுவோம். போவலாமா வேணாமான்னும் எழுதுவோம்" என்றாய். நீ புதன்கிழமை போனில் சொல்வாய், நான் தட்டெழுதி வியாழக்கிழமை காலை தெரிந்தவர்கள் போனுக்கெல்லாம் அனுப்புவேன். நிகழ்ச்சி, இடம், சென்ட்ரலிலிருந்து எந்தப் பஸ், திரும்பி வர எந்த ரயில். கடைசியில் உன்னுடைய ஒரு வரி.

அந்த ஒரு வரிக்காகத்தான் எல்லோரும் படித்தார்கள். 'கவியரங்கம். பதினெட்டுக் கவிஞர்கள். மழை பெய்தால் ஒதுங்கலாம், மற்றபடி வேண்டாம்.' 'நாட்டியம். பெண் அழகாக ஆடுகிறாள். அவள் அம்மா நடுநடுவே விளக்கம் சொல்வார். பஞ்சு எடுத்துச் செல்லவும்.' 'நூல் வெளியீடு. வெளியிடுபவருக்கு நூலின் பெயர் தெரியாது என்பதை நேரில் காணலாம்.' உனக்கு ஒன்று உண்மையாகவே பிடித்திருந்தால் ஒரே சொல்தான் வரும்: 'செல்லவும்.' அந்தச் சொல் வருடத்துக்கு நான்கைந்து முறை வந்தால் அதிகம்.

நகரியில் தறி ஓட்டுகிறவர்கள், சத்தியவேட்டில் நிலம் வைத்திருப்பவர்கள், சூளூர்பேட்டையில் கடை வைத்திருப்பவர்கள் என்று ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டார்கள். விழா நடத்துகிறவர்களுக்கும் போனது. அவர்கள் இலவசச் சீட்டு அனுப்பினால் நீ திருப்பி அனுப்பினாய். வரிசையில் நின்று டிக்கெட் வாங்கினாய். இன்னொரு பிடிவாதமும் உனக்கு இருந்தது. ஒருமுறையாவது நேரில் கேட்காத யாரைப் பற்றியும் எழுதமாட்டாய். ஒருநாள் சோம்பல்பட்டு, ஒரு பேச்சாளரைப் பற்றி மற்றவர்கள் சொன்னதை வைத்து எழுதிவிடலாமே என்றேன்.

"கேக்காம திட்டுனா, கேக்காம மால போடறவனுக்கும் நமக்கும் இன்னாடி வித்தியாசம்?" என்றாய்.

மன்றத்தின் விழாவைப் பற்றி ஒவ்வோர் ஆண்டும் நீ எழுதிய வரி ஒன்றேதான், ஏனென்றால் விழாவும் ஒவ்வோர் ஆண்டும் ஒன்றேதான்: 'மொத்தம் மூன்று மணி நேரம். பொன்னாடைக்கு இரண்டு மணி நேரம். பாட்டு மீதியில்.' அதில் ஒரு சொல் மிகை கிடையாது. நானே கடிகாரத்தைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறேன்.

பிறகு நான் அந்தக் காரியத்தைச் செய்தேன். உன் பெயரை மாட்டித் தொங்கவிடுகிறவர்களை இவ்வளவு கேவலமாகப் பேசுகிற நான், என்னைப் பற்றியும் அதே வாயால் சொல்லியாக வேண்டும்.

ஓர் ஆண்டு, மன்றத்தின் விழாவுக்கு முந்தின வாரம் செயலாளர் பேங்குக்கு வந்தார். சித்தூர்க்காரர், தமிழும் தெலுங்கும் ஒரே மூச்சில் வரும். "மேடம், சின்ன ரிக்வெஸ்ட். மீ ஃப்ரெண்டு வருஷா வருஷம் எழுதற அந்த லைன் இருக்கே, இந்த வாட்டி அது தீசேயுங்க. எடுத்துடுங்க மேடம். டோனர்ஸ் மனசு கஷ்டப்படுது." நான் சிரித்து மழுப்பினேன். அவர் போகவில்லை. "நீங்க கதை எழுதுவீங்களாமே? நம்ம மேடையில வாசிங்களேன். பதினைஞ்சு நிமிஷம் ஒதுக்கறேன். அழைப்பிதழ்ல பேரு வரும்."

பத்து வருடமாக நோட்டுப் புத்தகத்தில் கதை எழுதிக்கொண்டிருந்தேன். உன்னைத் தவிர யாருக்கும் காட்டியதில்லை. புதன்கிழமை நீ வழக்கம்போல வரியைச் சொன்னாய், நான் வழக்கம்போல 'சரி' என்றேன். மறுநாள் காலை அதை அழித்துவிட்டு, 'அனைவரும் வருக' என்று போட்டு அனுப்பினேன்.

வியாழன், வெள்ளி இரண்டு நாளும் உன்னிடமிருந்து போன் இல்லை. சனிக்கிழமை அரங்குக்கு வந்து மூன்றாம் வரிசையில் உட்கார்ந்தாய். என்னைப் பார்த்து முறைக்கக்கூட இல்லை.

பங்காருபாளையத்து மாங்காய் மண்டிக்காரர் ஒருவருக்குப் பாராட்டு. அவரைப் பாராட்டிய ஒன்பது பேருக்கும் தனித்தனியாகப் பாராட்டு. என் முறை வந்தபோது சாப்பாட்டு வாசனை வந்துவிட்டது, நாற்காலிகள் நகர ஆரம்பித்துவிட்டன. இரண்டாம் பக்கத்தின் நடுவில் இருந்தேன். செயலாளர் பொன்னாடையோடு வந்து, நான் ஒரு வாக்கியத்தில் பாதியில் இருக்கும்போதே என் தோளில் போர்த்தி, மைக்கை வாங்கி, "அருமையான கதை" என்றார். கைதட்டினார்கள். தட்டாமல் உட்கார்ந்திருந்தது நீ ஒருத்தி.

வெளியே வந்ததும் கேட்டாய்: "கதை எங்கடி முடிஞ்சிது?"

"முடியல."

"வா. ரூமுக்குப் போய் முழுசா படி."

ஷேர் ஆட்டோவில் திருச்சானூர் போனோம். உன் வாடகை அறையில், வெயில் தகித்த மதியத்தில், அந்தப் பொன்னாடையை மடியில் வைத்துக்கொண்டு முதலிலிருந்து கடைசிவரை வாசித்தேன். நீ சுவரில் சாய்ந்து, கண்ணை மூடாமல் கேட்டாய்.

"நடுவுல தொய்யுது. கடைசி நல்லாக் கீது" என்றாய். எனக்கு அழுகை வந்தது. பிறகு, சத்தம் உயர்த்தாமல், "என் லைன எடுத்தியே. அதுக்கு இன்னா குடுத்தானுங்க? நாலு நிமிஷமா?" என்றாய்.

அடுத்த வியாழக்கிழமை பட்டியலை நீயே தட்டெழுதி அனுப்பினாய். எழுத்துப் பிழைகளோடு, சென்ற வார விழா பற்றி ஒரு குறிப்பு இருந்தது: 'கதை வாசித்தவருக்கு நான்கு நிமிடம் கொடுத்தார்கள். கதை அதைவிட மதிப்புள்ளது. பட்டியலில் ஒரு வரியை அழித்தவரும் அவரே.'

புத்தூரில் பால்காரர்வரை அதைப் பற்றிக் கேட்டார்கள். ஐந்து மாதம் உன்னோடு பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை ரயிலில் நீ முன் பெட்டியில் ஏறினாய் என்றால் நான் கடைசிப் பெட்டியில் ஏறினேன். ஒரே அரங்கத்தில் இரண்டு மூலையில் உட்கார்ந்து ஒரே மோசமான பேச்சைக் கேட்டோம். அந்த ஐந்து மாதத்தை இப்போது நினைத்தால் எனக்கு என்மேல் வருகிற வெறுப்புக்கு மன்றத்தின் மேல் வருவது உறை போடக் காணாது.

ஆறாவது மாதம் நீதான் போன் செய்தாய்.

"என் ரத்தத்த நானே மைக்ரோஸ்கோப்புல பாத்தேன்டி. அழைப்பிதழ்ல பேரு போட்ட மாதிரி வெள்ளை அணுவா நெருக்கிக்கினு கீது. ஒண்ணும் வேல செய்யாது, எடத்த மட்டும் அடைச்சிக்கினு ஒக்காந்துக்கும்."

எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. புரிந்ததும், "இப்பவே வரேன்" என்றேன்.

"வா. ஆனா நாளைக்கு வியாழக்கெழம. லிஸ்ட்டு மொதல்ல போவணும்."

ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடியும் வரி சொன்னாய். போக முடியாத நிகழ்ச்சிகளுக்கு என்னை அனுப்பி, திரும்பி வந்ததும் வக்கீல் மாதிரிக் குறுக்கு விசாரணை செய்தாய். "எத்தினி மணிக்குத் தொடங்குனான்? வயலின்காரன் தூங்குனானா?" ஒருநாள் நோயாளிகளை மகிழ்விக்கவென்று ஒரு குழு வார்டுக்கே வந்து பாடியது. நீ உதட்டை அசைத்தாய். குனிந்து காதைக் கொடுத்தேன். "மயக்க ஊசி போட்டப்பறம் கேக்கலாம்னு போடு" என்றாய். அதுதான் நீ சொன்ன கடைசி வரி.

உன் இரங்கல் கூட்டத்தையும் மன்றம் நடத்தியது. அதிலும் வந்தவர்களுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். நம்பமாட்டாய் என்று எழுத நினைத்தேன். உடனே நம்புவாய்.

அதன்பின் பட்டியலை நான் நடத்துகிறேன். நல்லதற்கு நல்லது என்று எழுதினேன். கெட்டதைப் பற்றி எதுவும் எழுதாமல் இடத்தையும் நேரத்தையும் மட்டும் போட்டேன். தைரியம் வரவில்லை.

நேற்று செயலாளர் வந்து அழைப்பிதழைத் தந்து, உன்னைப் பற்றி நான் மேடையில் இரண்டு நிமிடம் பேச வேண்டும் என்றார். உன் வரியை எடுக்கச் சொன்ன அதே மனிதர் கூசாமல் சேர்த்துக்கொண்டார்: "அவங்க மன்றத்தை எப்பவும் பாராட்டித்தானே மேடம் எழுதுவாங்க."

"அவ எழுதுன ஒரு வரியைச் சொல்லுங்க. நான் வந்து பேசறேன்" என்றேன்.

அவர் கொஞ்சமும் தயங்கவில்லை. அழைப்பிதழைத் திருப்பிக் காட்டினார். பின்பக்கம், தங்க எழுத்தில், மேற்கோள் குறிக்குள், உன் பெயரோடு: 'அனைவரும் வருக.'

அவர் போன பிறகு வெகுநேரம் அந்த எழுத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இத்தனை வருடம் வாரம் தவறாமல் ரயிலேறி, கேட்டு, எடைபோட்டுச் சொன்னவளுக்கு அவர்கள் கண்டுபிடித்த ஒரே வாசகம், நீ சொல்லாத ஒன்று. உன் வாயில் நான் திணித்த ஒன்று.

இன்று காலை பட்டியல் போய்விட்டது. மன்றத்தின் விழாவுக்குக் கீழே இப்படி எழுதினேன்: 'முப்பெரும் விழா. முதல் நாள் நாதஸ்வரம் தரமானது, அதை மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடலாம். இரண்டாம் நாள் அரங்கத்தின் பெயரில் இருப்பவர் "அனைவரும் வருக" என்று ஒருநாளும் எழுதியதில்லை. மேடையில் கதை வாசிக்க ஆசைப்பட்டு அதை எழுதியவள் நான். வர வேண்டாம்.'

எட்டு மணிக்கெல்லாம் செயலாளர் கூப்பிட்டார். "ஏமண்டி மேடம் இது! உங்க ஃப்ரெண்டு இருந்தா இப்படி எழுதுவாங்களா?"

"இதவிட மோசமா எழுதியிருப்பா. சின்னதாவும் எழுதியிருப்பா" என்றேன். வைத்துவிட்டார். வேறு சிலரும் கூப்பிட்டார்கள். ஒருவர், செத்தவளை வைத்து நான் விளம்பரம் தேடுவதாகச் சொன்னார். முழுதாகக் கேட்டுக்கொண்டேன்.

பதினோரு மணிக்கு நகரியிலிருந்து ஒரு பெண். தறி ஓட்டுகிறவள். நான் பார்த்ததில்லை. பின்னால் தறிச் சத்தம், அதற்கு மேல் அவள் குரல்.

"அக்கா, திருப்பதிக்கு வேணாம்னு போட்டுக்கிறீங்க. அப்போ ஞாயித்துக்கெழம எங்க போறது? நைனாவும் வரேன்றாரு. ரெண்டு பேருக்கும் லீவு."

"சென்னையில ஒரு வீணைக் கச்சேரி இருக்கு."

"நல்லா இருக்குமா?"

"தெரியாதும்மா. நானே இன்னும் கேட்டதில்ல."

"அப்போ வாங்களேன், சேந்தே போவலாம்" என்றாள்.

ஞாயிறு காலை நான் புத்தூரில் ஏறுகிறேன், அவர்கள் நகரிக்குப் பக்கத்தில் ஏகாம்பரகுப்பத்தில் ஏறுகிறார்கள். வீணை நன்றாக இருந்துவிட்டால் எப்படியோ சமாளித்துக்கொள்வேன். மோசமாக இருந்தால்தான் கஷ்டம். எனக்கு இன்னும் தனியாகத் திட்டத் தெரியவில்லை.