ஒரு தாள் மீதி

அன்புள்ள பெரியவளுக்கு அம்மா எழுதுவது. இங்கே என் வலது கையைத் தவிர எல்லோரும் நலம். அங்கே நீ தலை முதல் கால் வரை நலமாக இருக்க வேண்டும் என்பதே எங்கள் ஆசை. கையெழுத்து மாறியிருக்கிறதே என்று பதறாதே. போன வாரம் எங்கள் சங்கத்துப் படிக்கட்டில் ஈரம் தெரியாமல் கால் வைத்து வழுக்கிவிட்டேன், மணிக்கட்டில் மாவுக்கட்டு. மூன்று வாரத்தில் பிரித்துவிடுவார்களாம். அதுவரை நான் சொல்லச் சொல்ல உன் தங்கைதான் எழுதுவாள். அவளுக்குத் தன் தமிழ் மேல் இருக்கிற கர்வம் உனக்குத் தெரியாததா, நான் வாயில் சொல்வது ஒன்று, தாளில் இறங்குவது ஒன்று. (அக்கா, அப்படி மாற்றாவிட்டால் ஒரே வாக்கியத்தில் நான்கு ‘அப்புறம்’ வந்துவிடும். அடைப்புக்குறிக்குள் வருவதெல்லாம் நான்.) அப்பாவுக்கு இரட்டை வேலை. காலையில் சமையல், அது முடிந்ததும் இதை எழுதுகிற இவளுக்குத் தலை பின்னி விடுகிறார். முப்பது வருடம் ஒயர் முறுக்கிய கை இல்லையா, பின்னல் ஆணி மாதிரி நிற்கிறது, சாயங்காலம் வரை ஒரு முடி கூட அசையவில்லை. பள்ளியில் தோழிகள் தொட்டுப் பார்த்து ஷாக் அடிக்குமா என்று கேட்கிறார்களாம்.

உன் கடிதம் வந்து பன்னிரண்டு நாள் ஆகிறது. நான்கு வருட ஆராய்ச்சி, கடைசி அத்தியாயம் மட்டும் பாக்கி, அதற்குள் நல்ல வேலை ஒன்று கூப்பிடுகிறது, ஆராய்ச்சியை விட்டுவிடலாமா என்று எழுதியிருந்தாய். கடைசி வரியில், நீயா இருந்தா என்னம்மா பண்ணுவே என்று கேட்டிருந்தாய். அந்தக் கடிதத்தைக் கைப்பையிலேயே வைத்துக்கொண்டு அலைந்தேன். இரண்டு முறை நீ போன் செய்தபோதும் அதைப் பற்றிப் பேசாமல் சாப்பாடு, தூக்கம் என்று பேச்சை மாற்றினேன், நீயும் கவனித்திருப்பாய். போனில் சொன்னால் நீ பரவாயில்லைம்மா என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவாய். எழுதினால் கடைசி வரை படித்துத்தான் ஆக வேண்டும். பதில் சொல்வதற்கு முன்னால் சங்கத்தில் நடந்ததைச் சொல்கிறேன். இரண்டும் ஒன்றுதான் என்று பிறகு உனக்கே புரியும்.

எங்கள் பட்டதாரிப் பெண்கள் சங்கத்துக்கு இந்த வருடம் இருபது வயது. அதே மருந்துக்கடை மாடி, அதே இரண்டு அறை. நாற்காலி மட்டும் முப்பத்திரண்டு ஆகிவிட்டது, அதில் ஆறு ஜாதி. சனிக்கிழமைகளில் வக்கீல் ஒருவர் வந்து யார் என்ன கேட்டாலும் இலவசமாகச் சட்டம் சொல்கிறார். நுழைவுத் தேர்வு வகுப்பில் போன வருடம் உட்கார்ந்த பெண்களில் ஒன்பது பேர் கல்லூரிக்குப் போயிருக்கிறார்கள். ஆனால் எங்களுக்குத் தலை நிமிர்கிற வேலை என்றால் அது மீதித் தாள்தான். பட்டப்படிப்பில் ஒன்றோ இரண்டோ தாளை விட்டுவிட்டு வீடு, குழந்தை, வேலை என்று போய்விட்ட பெண்களைத் தேடிப் பிடித்துத் திரும்ப எழுத வைப்பது. அரியர் என்று சொன்னால் கேலி மாதிரி இருக்கிறது என்று நாங்களே வைத்துக்கொண்ட பெயர் அது. பஸ் கண்டக்டர், நர்ஸ், தையல்கடைக்காரர் என்று இதுவரை நாற்பத்துமூன்று பேர் எழுதினார்கள், முப்பத்தொரு பேர் தேறிவிட்டார்கள். தையல்கடைக்காரர் வேதியியல் தேறிய அன்று எங்கள் எல்லோருக்கும் கிழிந்ததை ஓசியில் தைத்துக் கொடுத்தார். ஐந்து வருடத்துக்கு மேல் போனால் எழுத முடியாது என்று பல்கலைக்கழகத்தில் ஒரு விதி இருந்தது. அதை எதிர்த்து மூன்று வருடம் மனு மேல் மனு போட்டோம். கடைசியில் எத்தனை வருடம் ஆகியிருந்தாலும் சரி, இரண்டு தடவை மட்டும் வாய்ப்பு என்று ஆணை வந்துவிட்டது. அந்த மனு அத்தனையும் சங்கத்துச் செயலாளராக நான் எழுதியது. அதனால்தான் ஆறு வருடம் தலைவியாக இருந்த கண் டாக்டர், அடுத்த தலைவி இவள்தான் என்று என் பெயரைச் சொன்னார். ஒருவர் கூட மறுக்கவில்லை.

இருபதாவது ஆண்டு மலருக்காக ஒவ்வொருவருடைய வரியும் அச்சுக்கு முன்னால் அவரவர் கைக்குச் சரிபார்க்க வந்தது. அனுப்பியது கமா. எங்கள் உறுப்பினர்களில் ஒருத்தி, அச்சகத்தில் பிழை திருத்துகிற பெண், யார் எதை எழுதிக் கொடுத்தாலும் ஒரு கமாவாவது சேர்க்காமல் விட மாட்டாள், அதனால் அந்தப் பெயர். என் வரியில் பெயர், பக்கத்தில் பி.ஏ. வரலாறு, அதற்குப் பக்கத்தில் வருடம். கீழே சிவப்பு மையில், சரியா அக்கா என்று ஒரு கேள்வி. எல்லோருக்கும் கேட்டதைத்தான் எனக்கும் கேட்டிருக்கிறாள். எனக்கு மட்டும் அது சுட்டது.

சரியில்லை, கண்ணு. நான் பி.ஏ. முடிக்கவில்லை. ஒரு தாள் மீதி.

(அக்கா, இந்த இடத்தில் நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். எனக்கும் இது இப்போதுதான் தெரியும். அம்மா என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, எழுதும்மா, நிறுத்தினா எனக்கு மறுபடி சொல்ல வராது என்றாள். எழுதுகிறேன்.)

பொருளாதார வரலாறு தேர்வு வியாழக்கிழமை. நீ பிறந்தது அதற்கு முந்தைய செவ்வாய். இதைப் படித்ததும் உன் மனம் எங்கே போகும் என்று எனக்குத் தெரியும், அங்கே போகாதே. உன்னால் இல்லை. ஆறு மாதம் கழித்து மறுபடி தேர்வு இருந்தது, அப்போது நீ தவழக்கூட ஆரம்பிக்கவில்லை, உன் அப்பா லீவு போட்டு உன்னைப் பார்த்துக்கொள்கிறேன் என்றார். நான்தான் அடுத்த தடவை என்றேன். அதற்கடுத்த தடவையும் அடுத்த தடவை என்றேன். புத்தகத்தைத் திறந்தால் எல்லாம் புதிதாக இருந்தது, தோற்றுவிட்டால் என்ன செய்வது என்று பயம், அவ்வளவுதான். பதினொரு வருடத்துக்கு முன்னால் சங்கத்துக்கு முதல் நாள் போனபோது ஒரு நோட்டை நீட்டினார்கள். மூன்று பத்தி. பெயர், படித்தது, வருடம். படித்தது என்றுதான் இருந்தது. மூன்று வருடம் படித்தேனே, அதனால் பி.ஏ. வரலாறு என்று எழுதினேன். எழுதும்போது அது பொய் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டது இன்னும் காதில் இருக்கிறது. அடுத்த வருடம் அதை அச்சில் போட்டபோது யாரோ படித்தது என்பதைப் பட்டம் என்று மாற்றிவிட்டார்கள். பார்த்தேன். வாயைத் திறக்கவில்லை. ஒரு சொல் மாறியதற்கு நான் பொறுப்பில்லை என்று இருந்துவிட்டேன்.

இந்தத் தடவை கமா தாளை அனுப்பிய அதே வாரம் உன் கடிதமும் வந்தது. கடைசி அத்தியாயத்தை விட்டுவிடாதே என்று உனக்கு எழுத உட்கார்ந்தேன், அப்போது கை நன்றாகத்தான் இருந்தது, முதல் வரியே வரவில்லை. எந்த முகத்தோடு எழுதுவது. அதனால் ஞாயிற்றுக்கிழமை பொதுக்கூட்டத்தில், தலைவி பெயரை அறிவிப்பதற்கு முன்னால் எழுந்து நின்று, கழுத்தில் தொட்டில் கட்டிய கையோடு, உனக்கு மேலே சொன்னதை அப்படியே சொல்லிவிட்டேன். கண் டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, ஊர்க்கண்ணையெல்லாம் பார்த்தேன், பக்கத்து நாற்காலியில இருந்த உன்னைச் சரியாப் பார்க்கலையே என்றார். பின் வரிசையில் யாரோ, அப்ப அந்த மனுவெல்லாம் தனக்குத்தானா என்று முணுமுணுத்தது என் காதில் விழுந்தது. நாற்பத்துமூன்று பேருக்காகத்தான் எழுதினேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது யோசித்தால், விதி மாற வேண்டும் என்று அத்தனை கோபத்தோடு எழுதிய கை யாருடைய கை என்று எனக்கே நிச்சயமாகத் தெரியவில்லை. எங்கள் பட்டியலில் இருபத்தேழாவதாக வந்த நர்ஸ் மட்டும் நேராகக் கேட்டாள். எனக்கு ஃபாரம் நிரப்பிக் கொடுத்தப்ப, வெட்கப்படாதே, இது குத்தமில்லைன்னு சொன்னீங்களே, அது யாருக்குச் சொன்னது என்றாள். ரெண்டு பேருக்கும் என்றேன். சிலர் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை, ஆனால் தலையாட்டினாள்.

அப்போதுதான் விதிமுறை அம்மா எழுந்தார். கல்லூரியில் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், சங்கத்து விதிகளை எழுதியவரே அவர்தான், டீ தருவது தாமதமானால்கூட எத்தனையாவது விதி என்று சொல்வார். விதி மூன்று, பட்டம் பெற்றவர் மட்டுமே உறுப்பினர் என்று சொல்லிக்கொண்டே பெரிய நோட்டைப் பிரித்து, ஸ்கேலை வைத்து, சிவப்பு மையில் என் பெயரை நேராக ஒரு கோடு போட்டு வெட்டினார். அந்தச் சின்ன நோட்டை எடுங்க என்றார். மீதித் தாள் நோட்டு. அதில் நாற்பத்துநான்கு என்று எண் போட்டுவிட்டு, கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்து, எந்தத் தாள் என்றார், எந்த வருஷம் என்றார், யாரைக் கேட்பாரோ அப்படியே கேட்டார். சொன்னேன். எழுதினார். விண்ணப்பத்தில் இடது கையால் கையெழுத்துப் போட்டேன், பார்த்தால் குருவி கால் மாதிரி இருக்கிறது, பக்கத்தில் சாட்சிக் கையெழுத்து அவரே போட்டார். வெட்டினதும் அவர்தான், சேர்த்ததும் அவர்தான். தலைவி வேறொருவர், செயலாளர் வேலைக்குக் கமா. மலரில் உறுப்பினர் பக்கத்தில் என் பெயர் இருக்காது, மீதித் தாள் பக்கத்தில் கடைசியாக வரும். பி.ஏ. வரலாறு, ஒரு தாள் மீதி. நடுவுல இருக்கிற கமா மட்டும் என்னுதுக்கா என்று அவள் சொன்னபோதுதான் எனக்கு அழுகை வந்தது.

உன் அப்பாவுக்கு இதெல்லாம் ஆரம்பத்திலிருந்தே தெரியும், இத்தனை வருடம் ஒரு தடவை கூடக் குத்திக் காட்டியதில்லை. இப்போது நானே வெளியே சொன்ன தைரியத்தில், அப்ப இந்த வீட்ல ஐ.டி.ஐ. முடிச்ச நான்தான் பெரிய படிப்பா என்று கேட்டுவிட்டு, அன்று பாத்திரத்தையும் அவரே கழுவினார். தேர்வுக்கு இன்னும் எட்டு வாரம். கட்டுப் பிரித்ததும் தினம் ஒரு பக்கம் எழுதிப் பழக வேண்டும். புத்தகத்தைத் திறந்தால் இன்றும் எல்லாம் புதிதாகத்தான் இருக்கிறது. தோற்றாலும் தோற்பேன். இரண்டு தடவை இருக்கிறது.

நீ கேட்டதற்கு வருகிறேன். நானாக இருந்தால் என்ன செய்வேன் என்று கேட்டாய், நான் செய்தது இதுதான். அதற்காக ஆராய்ச்சியை விடாதே என்று உனக்குச் சொல்ல மாட்டேன். வேலை நல்ல வேலையாக இருந்து, அந்த அத்தியாயம் உனக்கு நிஜமாகவே வேண்டாம் என்றால் விட்டுவிடு, எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆனால் விட்டால், விட்டேன் என்று சொல்லிவிடு. அடுத்த தடவை என்று மட்டும் சொல்லாதே. விடுவது பயத்தாலா, வேண்டாம் என்பதாலா என்று உனக்குத் தெரிந்தால் போதும், எனக்குக் கூடச் சொல்ல வேண்டாம். நேரத்துக்குச் சாப்பிடு, எழுதுகிற மேசையை ஜன்னல் பக்கம் போடு, குளிரில் காதை மூடிக்கொண்டு போ. நீ எதைத் தேர்ந்தாலும் அது உனக்கு நன்றாக அமையட்டும், மனமும் உடம்பும் ஒரு குறையும் இல்லாமல் இரு, என் ஆசி எப்போதும் உனக்கு உண்டு.

முக்கியமான ஒன்று. விண்ணப்பத்தோடு முதல் இரண்டு வருட மார்க் லிஸ்ட் அசல் வைக்க வேண்டும், நகல் செல்லாது. அது உன்னிடம்தான் இருக்கிறது. யாரும் தேடாத இடம் என்று உன் நீல ஃபைலில், உன் பிறப்புச் சான்றிதழுக்குப் பின்னால் ஒட்டினாற்போல் செருகி வைத்திருந்தேன். நீ ஃபைலோடு கிளம்பியபோது எடுக்க மறந்தேன், பிறகு கேட்கப் பயந்தேன். ஐந்து வருடமாக அதை நீதான் சுமந்துகொண்டிருக்கிறாய். இந்த மாதக் கடைசிக்குள் பதிவுத் தபாலில் அனுப்பு. உறையின் மேல் எப்போதும் என் பெயருக்குப் பின்னால் பெருமையாக பி.ஏ. என்று போடுவாயே, இந்தத் தடவை பெயர் மட்டும் போடு. அதைப் பார்த்துப் பார்த்துத்தான் தபால்காரர் பி.ஏ. அம்மா என்று கூப்பிடப் பழகினார். அவரிடமும் இன்று காலை சொல்லிவிட்டேன். சரி, ரிசல்ட் வர்ற வரைக்கும் அம்மான்னே கூப்பிடறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

இப்படிக்கு,
அம்மா

(இந்த ஒரு சொல்லை மட்டும் அம்மாவே இடது கையால் எழுதினாள் அக்கா. கோணலாக இருக்கிறது, நான் திருத்தவில்லை.)