வாடை வருமுன் தென்வளைக்கு

கடல் சூழ்ந்த வளைநாட்டின் பன்னிரு தீவுகளுக்கும் கொடியும் கோலும் உடைய அரசி மாநங்கை, வடவளை மூதூரில் இருந்து, தென்வளைத் தீவுகளைத் தன் பொறுப்பில் காத்துவரும் இளவல் கீரஞ்சேந்தனுக்கு விடுக்கும் ஓலை. உன் துறைகளில் கலங்கள் நலமாய் நிற்க. உன் குடிகளின் அடுப்புகள் அணையாதிருக்க. உன் மனையில் உள்ளோர் யாவரும் நோயின்றி வாழ்க.

ஓலைநாயகம் காய்ச்சலில் கிடப்பதால் யாமே எழுத்தாணி பிடித்தோம். எழுத்துக் கோணியிருப்பின் பொறுத்துக்கொள். முதலில் நாட்டுச் செய்தி, அடுத்து எம் ஆணை, அதன் பின்னரே நம் வீட்டுச் செய்தி. ஆணையைப் படித்தவுடன் முரசறையச் சொல்லிவிட்டு, அதற்குப் பிறகு மிச்சத்தைப் படி.

தை பிறந்த சில நாளில், வடக்கே கடலும் வானும் சேருமிடத்தில் ஈய நிறத்தில் மேகம் ஒன்று மதிலாக எழுந்தது. அதற்கு முன்னால் ஓடிவந்த வணிகக் கலத்தின் மீகாமன் அவைக்கு வந்து, தன் பாய்க்கயிறுகள் நனைந்து விறைத்துக் கழிபோல் ஒடிந்தன என்றும், பின்னால் வருவது கலத்தைக் கவிழ்க்கும் புயல் அன்று, உடம்பின் சூட்டை உறிஞ்சும் வாடை என்றும் உரைத்தான். விடியலில் ஒரு துணியைப் போர்த்தினால் தீர்ந்துபோவதையே குளிர் என்று அறிந்தவர்கள் நம் மக்கள். ஆயினும் யாம் சொன்னபடி படகுகளைக் கரையேற்றிவிட்டுக் காத்திருந்தனர்.

வாடை வந்தது. மறுநாள் காயல் முழுதும் மீன்கள் மயங்கி மிதந்தன. பாரையும் கிளிமீனும் ஆமைகளும், வலையின்றித் தூண்டிலின்றி, கையால் அள்ளும்படி கிடந்தன. கூடைகளோடு ஊரே இறங்கியது. தடுக்கச் சொல்லிப் பரதவர் தலைவன் ஓதனை அழைத்தோம். கடலுக்குப் போகாத வீடுகளில் உலை வைத்து நாளாகிறது, வாசலுக்கு வந்த மீனை விடச் சொன்னால் தன் மனைவியே தன் பேச்சைக் கேட்கமாட்டாள் என்று அவன் தலை குனிந்து சொன்னான். அவன் சொன்னதில் பொய்யில்லை. இடுப்பளவு நீரில் தொடங்கியவர்கள் மீனைத் தொடர்ந்து படகுகளை இறக்கிப் பவழத்திட்டு வரை போய்விட்டனர். பிற்பகலில் ஊசி மழை பிடித்துக்கொண்டது. கைகள் மரத்து, துடுப்பைப் பற்ற விரல் மடங்காமல், நனைந்த உடையோடு அவர்கள் திட்டிலேயே உட்கார்ந்துவிட்டார்கள்.

அங்கிருந்து மீட்கப்பட்டுக் கரைக்கு வந்து சேர்ந்தவர்களுக்குச் சூடேறும் என்று நல்லெண்ணத்தில் கள் ஊற்றிக் கொடுத்தனர். குடித்தவர்களே முதலில் மாண்டனர். எத்தனை வீடுகளில் அழுகை என்று இப்போது எழுத எமக்குத் தெம்பில்லை.

இன்று காற்று ஓய்ந்து வெயில் அடிக்கிறது. இதை நம்பாதே. வந்தது சிறியது, உன் கரையை எட்டுமுன் கடலிலேயே தளர்ந்துபோனது. அதனினும் உயர்ந்த மதில் ஒன்று வடக்கே பாதி வானை மறைத்து நிற்கிறது. அது தளராது, தென்வளை வரை வரும் என்கிறான் மீகாமன். இவ்விடைவெளியில்தான் விரைபடகை உன்னிடம் அனுப்புகிறோம். அதன் ஆட்களைத் திருப்பி அனுப்பாமல் அங்கேயே வைத்துக்கொள்.

ஆணை இது. முத்துக்குளிப்போரை உடனே நீரிலிருந்து ஏற்றுக. முத்து அடுத்த பருவத்திலும் கிடைக்கும். படகுகளைக் கட்டுக. தாழ்ந்த கரையிலுள்ள குடிகளை உன் அரண்மனைக்குள்ளும் பண்டசாலைக்குள்ளும் வரவழைத்து நெல் கொடுக்க. உலை கொதிக்காத வீடு ஒன்றும் இருத்தலாகாது. கலங்களின் பாய்களை வெட்டிப் போர்வையாக்குக. மிதக்கும் மீனுக்காக ஒருவரும் நீரில் இறங்கலாகாது. நனைந்து வந்தோரின் ஈர உடையைக் களைந்து, உலர்ந்த துணி சுற்றி, வெதுவெதுப்பான கஞ்சி தருக. கள் கூடாது.

முரசறையச் சொல்லிவிட்டாயா? இனி வீட்டுச் செய்தி. உட்கார்ந்து படி, தம்பி.

என் கரைக்காவல் படகுகளுக்குத் தலைவனாக நீ அனுப்பிவைத்த உன் மகன் எழினி, திட்டில் மாட்டியவர்களைப் பற்றிக் கேட்டதும் என் சொல்லுக்குக் காத்திருக்கவில்லை. படகு நிறைய ஆட்களைக் கொண்டுவந்து இறக்கிவிட்டு மீண்டும் போனான், மீண்டும் வந்தான். கடைசியாக ஓதனின் மனைவியைத் தோளில் தாங்கி வந்தபோது அவன் மேலாடை அவள் மேல் இருந்தது. தானே நடந்து என்னிடம் வந்தான். திட்டில் இனி ஒருவரும் இல்லை, அத்தை, என்றான். தனக்குக் குளிரவில்லை, பசிக்கிறது என்றான். நெருப்பருகில் என் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். கஞ்சி வருமுன் அவன் தலை என் தோளில் சாய்ந்தது. களைப்பு என்றே நினைத்தேன். மருத்துவர் வந்து பார்த்த பிறகுதான் அறிந்தேன்.

இதைக் கேட்டால் நீ ஒரு கணமும் நில்லாமல் கலமேறுவாய் என்று எனக்குத் தெரியும். உன்னைத் தூக்கி வளர்த்தவள் நான். பிள்ளைக்குக் கடைசியாகச் செய்யவேண்டியதைச் செய்யத் தந்தை வரவேண்டும் என்பாய். ஆகவே உனக்காகக் காத்திராமல், இன்று காலையில் ஓதன் கையால் எரியூட்டச் செய்தேன். அவன் தன் மகனுக்குச் செய்வதுபோல் அழுதுகொண்டே செய்தான். நீ விரைந்து வந்து செய்ய இங்கே எதையும் நான் மிச்சம் வைக்கவில்லை. அதற்காக என்னை வெறுத்தாலும் வெறுத்துக்கொள். உன்னையும் கடலுக்குக் கொடுக்க என்னால் ஆகாது. தென்வளைக் குடிகளுக்கு இப்போது நீ வேண்டும்.

வாடை முற்றும் ஓயும்வரை உன் துறையிலிருந்து வடக்கு நோக்கி ஒரு கலமும் புறப்படலாகாது. உன் கலமும் அதில் அடங்கும். உன் துறைக்காவலனுக்குத் தனி ஓலை வருகிறது. நீயே கேட்டாலும் கலங்களைப் பூட்டிய சங்கிலியை அவன் அவிழ்க்கமாட்டான். அவனைக் கோபிக்காதே.

காற்று நின்றபின் வா. துறையில் நானே வந்து நிற்பேன்.

இது மாநங்கையின் ஆணை. வளை முத்திரை இட்டோம்.