நாற்பத்தோராம் பத்தி

கமென்யாக்
14 ஜனவரி 2019

என் லோவ்ரோவுக்கு,

கிறிஸ்துமஸுக்கு வந்தவன் மூன்றே நாளில் ஓடிவிட்டாய். நீ விட்டுப்போன கம்பளிச் சட்டையை மாட்டிக்கொண்டுதான் ஒலிபரப்பு அறையில் உட்கார்ந்திருக்கிறேன். ஹீட்டர் மறுபடியும் மண்டையைப் போட்டுவிட்டது. போனில் பேசினால் சண்டையில் முடிகிறது என்பதால் எழுதுகிறேன்.

ஒலிபரப்பு வாரியத்திலிருந்து ஆள் வந்தார். ட்ரியெஸ்டேயில் இருக்கும் நம் மொழிக்காரர்கள் நமக்கு நன்கொடை தருகிறார்கள், அது அந்நியப் பணம், அதனால் உரிமம் கிடையாது என்ற பழைய பாட்டுதான். இந்த முறை கையில் ஒரு தாளும் இருந்தது. பிப்ரவரி 28க்குள் வழக்கை வாபஸ் வாங்கி, அலைவரிசையையும் கருவிகளையும் தலைநகரத்துக் கம்பெனி ஒன்றுக்கு விற்றுவிட்டால் அபராதம் இல்லையாம். எங்கள் ஏழு பேரில் நாலு பேருக்கு வேலையும் உண்டாம்.

நாங்களும் கடற்கரை வானொலியும் சேர்ந்து போட்ட வழக்கு அது. ‘ஐரோப்பியச் சட்டம் இதற்கு இடம் தருகிறதா’ என்று கேட்டு இங்குள்ள நீதிபதி லக்ஸம்பர்க்கில் இருக்கும் உங்கள் ஐரோப்பிய நீதிமன்றத்துக்கு அனுப்பி இரண்டு வருடம் ஆகிறது. நேற்று யோஷ்கோ ஸ்க்ரூடிரைவரை என் பக்கம் நீட்டிச் சொல்கிறார்: “உன் புருஷன் அந்தக் கோர்ட்லதானே மொழிபெயர்ப்புப் பண்றான்? ஒரு வார்த்தை கேட்டா வாயில இருக்கிற முத்து உதிர்ந்துடுமா?” முப்பது வருடமாக இந்தக் கோபுரத்தைக் கட்டிக் காக்கிற மனுஷர். அவருக்காகக் கேட்கிறேன். காத்திருக்கலாமா, கூடாதா? அவ்வளவுதான்.

உன் தரிங்கா


லக்ஸம்பர்க்
27 ஜனவரி 2019

அன்பே தரிங்கா,

நீ கேட்டிருக்கக் கூடாது. வேலையில் சேர்ந்த அன்று கை தூக்கிச் சத்தியம் செய்தவன் நான். இந்தக் கட்டடத்துக்குள் எது யார் மேசையில் இருக்கிறது என்று பெற்ற தாயிடம்கூடச் சொல்ல முடியாது. யோஷ்கோவிடம் அப்படியே சொல்லிவிடு.

ஆனால் புருஷனாக ஒன்று சொல்வேன். இப்படிப்பட்ட வழக்குகள் இழுத்துக்கொண்டே போகும். அரசாங்கங்கள் விட்டுக்கொடுக்காது. நீ உடைந்துபோவதை எட்டு வருடமாகத் தூரத்திலிருந்து பார்க்கிறேன். காத்திருக்காதே. விற்றுவிடு. நாலு பேருக்காவது வேலை மிஞ்சுமே.

பிறகு இங்கே வா. என் சன்னலுக்குக் கீழே ஒரு பூங்கா இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் தனியாகச் சாப்பிட்டு நாக்கு மரத்துவிட்டது. நீ செய்யும் முட்டைக்கோஸ் சூப்பை இங்கே ஒருவருக்கும் வைக்கத் தெரியவில்லை.

முத்தங்களுடன்,
லோவ்ரோ


கமென்யாக்
2 மார்ச் 2019

லோவ்ரோ,

கையெழுத்துப் போட்டுவிட்டேன். கடைசி நாள்வரை இழுத்தேன். வக்கீல் “இன்னும் கொஞ்சம் பொறுத்துப் பாருங்க மேடம்” என்றார். கடற்கரைக்காரர்கள் “நாங்க மூழ்கினாலும் விடமாட்டோம்” என்றார்கள். எனக்கு உன் வார்த்தைதான் பெரிதாகப் பட்டது. நீ அந்தக் கட்டடத்துக்குள் இருப்பவன். வெறுமனே சொல்லமாட்டாய் என்று நினைத்தேன்.

கடைசி ஒலிபரப்பில் நான் அழக்கூடாது என்றிருந்தேன். ட்ரியெஸ்டேயிலிருந்து ஒரு அம்மாள் போன் செய்து, “இனிமே காலைல எங்க பேச்சை எதுல கேக்கறது?” என்றாள். அப்போது முடியவில்லை.

நாலு பேர் பட்டியலில் யோஷ்கோ இல்லை. வயது அறுபத்தொன்றாம். சாவிக் கொத்தை மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

ஏப்ரல் முதல் வாரம் வருகிறேன். அலமாரியில் எனக்குப் பாதி ஒதுக்கிவை. இனி சண்டை போடாமல் இருக்கப் பார்ப்போம்.

தரிங்கா


லக்ஸம்பர்க்
12 மார்ச் 2019

என் கண்ணே,

நேற்று தீர்ப்பு வந்தது. இதற்குள் கேள்விப்பட்டிருப்பாய். எல்லோரையும் போல நானும் காலையில்தான் அறிந்தேன். நீ கையெழுத்துப் போட்டு இரண்டு வாரம் கூட ஆகவில்லை. யாருக்குத் தெரியும் இப்படி ஆகும் என்று? மனதைப் போட்டு உழப்பிக்கொள்ளாதே. தீர்ப்பைப் படிக்கவும் வேண்டாம், வெறும் சட்டப் பேச்சு. சீக்கிரம் வந்துவிடு. அலமாரியில் முக்கால் பங்கே உனக்குத்தான்.

லோவ்ரோ


கமென்யாக்
29 மார்ச் 2019

மதிப்பிற்குரிய மொழிபெயர்ப்பாளர் அவர்களுக்கு,

தீர்ப்பை மூன்று முறை படித்தேன். முதல் பக்கத்தில் கடற்கரை வானொலியின் பெயர் மட்டும் இருக்கிறது. எல்லை தாண்டிப் பணம் வருகிறது என்பதற்காக ஒரு வானொலியின் வாயை அடைக்கக் கூடாது என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறார்கள். அவர்களுக்கு உரிமம் திரும்பி வந்துவிட்டது. வாபஸ் வாங்கிய வழக்குக்கு மறுபடி உயிர் கொடுக்க முடியாது என்று என் வக்கீல் சொன்னார்.

நாற்பத்தோராம் பத்தியில், எல்லைக்கு அப்பால் இருந்து கேட்பவர்களை ‘மறுவேலியார்’ என்று போட்டிருக்கிறது. அகராதியில் தேடினேன், இல்லை. ட்ரியெஸ்டே பக்கத்து ஜனங்களை உங்கள் அம்மா அப்படிச் சொல்வார். அவரையும் உங்களையும் தவிர வேறு யார் வாயிலும் நான் அதைக் கேட்டதில்லை.

ஐம்பது பக்கம். ஒரு நாளைக்கு ஆறு பக்கம் மொழிபெயர்த்தாலே பெரிது என்று நீங்கள் அலுத்துக்கொள்வீர்கள். முடித்த பிறகும் தீர்ப்பு நாள்வரை ஐந்தாறு வாரம் பூட்டிவைப்பார்கள் என்றும் நீங்கள் சொன்னதுதான். நீங்கள் எனக்குப் பதில் எழுதியபோது அந்தத் தீர்ப்புக் கட்டு உங்கள் மேசையில் இருந்திருக்கிறது. மனைவியின் வழக்கு என்று சொல்லி நீங்கள் விலகியிருக்க வேண்டும். நம் இருவருக்கும் வேறு வேறு குடும்பப் பெயர் என்பதால் யாரும் கேட்கவில்லை போலிருக்கிறது.

சத்தியம் செய்தவர் வாய் திறக்கக் கூடாது. ஒத்துக்கொள்கிறேன். ஒன்றுமே சொல்லாமல் இருந்திருந்தால் உங்கள் கையைப் பிடித்து முத்தமிட்டிருப்பேன். ‘காத்திருக்காதே, விற்றுவிடு’ என்று எழுதச் சொன்னது எந்தச் சத்தியம்? சூப் வைக்க ஆள் வேண்டுமென்றால் அதைக் கேட்டிருக்கலாமே.

நேற்று ரொட்டிக் கடையில் யோஷ்கோ என்னைக் கண்டதும் வரிசை மாறி நின்றார். பக்கத்தில் போய் நின்றேன்.

“உன் புருஷன்கிட்டக் கேட்டியா?”

“கேட்டேன்.”

“என்ன சொன்னான்?”

ரொட்டி வாங்காமலே வெளியே வந்துவிட்டேன். உங்களைக் காப்பாற்றினேன் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் மனைவியாக ஊர் நடுவில் நின்று அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது.

இத்துடன் விவாகரத்து மனுவை வைத்திருக்கிறேன். நம் மொழியிலேயே எழுதச் சொல்லிவிட்டேன், அதில் உங்களுக்கு வேலை ஒன்றும் இல்லை. கடைசிப் பக்கத்தில் கையெழுத்து மட்டும் போட்டு அனுப்புங்கள்.

தரிங்கா கொஷூட்டா